வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்து நிலத்தை மனையோடு சேர்க்க முடியுமா? – ஒரு வாசகரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்னோஹோமிஷ் கவுண்ட்டியின் (மாவட்டம் போன்ற ஆட்சிப்பகுதி) ஒரு சிறு நகரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் 16 அடி அகலமும் 240 அடி நீளமும் கொண்ட சந்து ஒன்று 1891-ஆம் ஆண்டு மனைப்பிரிவு வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளது. ஆனால் தரையில் பெரும்பகுதி முள்புதராகவே கிடக்கிறது. எங்களுக்கு முன் இருந்தவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சந்தின் பாதியைச் சேர்த்து வேலி போட்டுவிட்டார். சந்தின் இருபுறமும் நான்கு நான்காக எட்டு மனைகள் உள்ளன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் 60 அடி. நகரத்திடம் மனுக் கொடுத்து இந்தச் சந்தை நீக்கிவிடலாம் என்கிறார்கள். எங்களையும் சேர்த்து ஐந்து வீட்டார் கையெழுத்திடத் தயாராக இருக்கிறோம். கிழக்கு முனையில் இருக்கும் மூத்த பெண்மணி ஒருவர், தம் பின்புறக் கராஜுக்கு அந்த வழியாகத்தான் காரை விடுவதாகச் சொல்லி மறுக்கிறார். மற்ற இரண்டும் வாடகை வீடுகள். உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து என் பெற்றோர் வந்து தங்குவதற்குப் பின்புறம் ஒரு சிறிய வீடு கட்ட வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். நடைமுறை என்ன, எவ்வளவு செலவாகும்? பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலி இருந்தால் நிலம் நமக்கே சொந்தம் என்று அலுவலக நண்பர் சொல்வது சரியா? எங்கள் தெருவின் மேற்கு முனை ஏரியில் போய் முடிகிறது. அந்தத் துண்டையும் இதேபோல் அக்கம்பக்கத்தார் கேட்டுப் பெற முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். நடைமுறையை விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் மனுவில் ஆறாவது கையெழுத்தைத் தேடிப் புறப்படுவதற்கு முன், இந்தப் பதிலின் நடுப்பகுதியில் வீடு கட்டுவது பற்றிச் சொல்லியிருப்பதை அருள்கூர்ந்து படித்துவிடுங்கள். பெற்றோருக்காக வீடு கட்டுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், அந்தச் சந்து பொதுச் சந்தாகவே இருப்பது உங்களுக்கு அதிக நன்மை தரக்கூடும்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1891-இல் அந்த நிலத்தை மனைகளாகப் பிரித்தவர், தெருக்களையும் சந்துகளையும் பொதுப் பயன்பாட்டுக்கென்று வரைபடத்தில் ஒதுக்கிக் கொடுத்தார். வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, அப்படி ஒதுக்கப்பட்ட நிலத்தில் பொதுமக்களுக்குக் கிடைப்பது பொதுவாக வழியாகப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. மண்ணின் அடிப்படை உடைமை, வேறு சான்று இல்லாதவரை, இருபுறத்து மனைக்காரர்களிடம் சந்தின் நடுக்கோடு வரை தங்கியிருக்கிறது. அந்தப் பொதுவழி உரிமையை நகர மன்றம் சட்டம் இயற்றிக் கைவிடுவதைத்தான் நீங்கள் கேட்கப் போகிறீர்கள். கைவிட்டவுடன் நிலம் பொதுவாகப் பாதிப் பாதியாக இருபுறத்தாருக்கும் சேரும். ஆனால் சந்து மனைப்பிரிவின் ஓரத்தில் அமைந்து, அதன் முழு அகலமும் ஒரு பக்கத்துக்காரரின் நிலத்திலிருந்தே ஒதுக்கப்பட்டிருந்தால், முழு அகலமும் அந்தப் பக்கத்துக்கே போகலாம். உண்மை நிலவரம் வேறு விதமாக இருந்தால் பங்கீடும் வேறு விதமாக அமையலாம் என்று சட்டமே சொல்கிறது. எனவே உங்கள் சந்து வரைபடத்தின் நடுவில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். எட்டு அடி கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்திட்டவருக்கு ஓர் அடியும் கிடைக்காது என்று கடைசியில் தெரியவந்தால், அதன்பின் அந்தத் தெருவில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

வேலி பற்றிய உங்கள் நண்பரின் கருத்து பாதிதான் சரி. தனியார் நிலத்தைப் பத்து ஆண்டுகள் வெளிப்படையாகவும் இடைவிடாமலும் தமதே போல் அனுபவித்தவர் அதற்கு உரிமை கோர வாஷிங்டன் சட்டம் இடம் தருகிறது. அரசுக்கும் நகரத்துக்கும் எதிராக அந்தக் காலக்கணக்கு ஓடாது. பொதுவழியின் மீது பதினைந்து ஆண்டு வேலியும் ஐம்பது ஆண்டு வேலியும் ஒன்றுதான். நகரம் கேட்கும் நாளில் எடுத்துத்தான் ஆக வேண்டும். மனுவிலோ விசாரணையிலோ “இது பல ஆண்டுகளாக எங்கள் தோட்டம்” என்று வாதாடாமல் இருப்பது நல்லது. அது உங்கள் உரிமைக்கு வலுச் சேர்க்காது. பொது நிலத்தை ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டுமே உறுப்பினர்களுக்கு நினைவூட்டும்.

வரைபடத்தின் ஆண்டு 1891 என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1889-90 ஆண்டுச் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம், கவுண்ட்டி நிலப்பகுதியில் ஒதுக்கப்பட்ட சாலை ஐந்து ஆண்டுகளுக்குள் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்படாவிட்டால் அது தானாகவே இல்லாமல் போகும் என்று வகுத்தது. மனைப்பிரிவு வரைபடங்களில் ஒதுக்கப்பட்ட தெருக்களுக்கும் நீதிமன்றங்கள் இதைப் பொருத்தின. 1909-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய தெருக்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் அதற்குள் ஐந்து ஆண்டுகள் முடிந்து மறைந்துபோன வழிகளை அது உயிர்ப்பிக்கவில்லை. அதனால் 1904 மார்ச் 12-க்கு முன் பதிவான வரைபடமா, அப்போது அந்த நிலம் எந்த நகரத்தின் எல்லைக்கும் வெளியே இருந்ததா, ஐந்து ஆண்டுகள் திறக்கப்படாமலே கிடந்ததா என்ற மூன்று கேள்விகளையும் இன்றும் நாங்கள் கேட்கிறோம். மூன்றுக்கும் விடை ‘ஆம்’ என்றால், நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சந்து சட்டப்படி மறைந்துவிட்டது. நகரத்திடம் மனுவும் வேண்டியதில்லை, பணமும் கட்ட வேண்டியதில்லை. கவுண்ட்டியின் உயர்நிலை விசாரணை நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட்டில் உரிமையை உறுதிசெய்யும் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பைப் பதிவு செய்தால் போதும்.

இதை எளிதான குறுக்கு வழியாக எண்ணிவிடக் கூடாது. உங்கள் நகரம் எந்த ஆண்டு உருவானது, உங்கள் மனைப்பிரிவு எப்போது நகர எல்லைக்குள் வந்தது, 1890-களில் அந்தச் சந்தில் வண்டித்தடம் இருந்ததா என்பவற்றுக்கெல்லாம் ஆவணம் வேண்டும். கவுண்ட்டியின் பழைய சாலைப் பதிவுகள், நகரத்தில் சேர்த்த சட்டங்கள், பழைய நில அளவை வரைபடங்கள் ஆகியவற்றைத் தேடிப் பார்க்கப் பழகிய, நில உரிமை ஆவணங்களை ஆராயும் டைட்டில் கம்பெனியின் அலுவலர் ஒருவரும் சர்வேயர் ஒருவரும் உதவுவார்கள். பின்னாளில் நகரம் அதில் குழாய் எதுவும் பதித்திருந்தால், அந்தக் குழாயைப் பொறுத்தவரை நகரத்துக்குத் தனி உரிமை உண்டாகியிருக்கவும் கூடும். அண்டை மனைக்காரர்களின் தனிப்பட்ட வழியுரிமையும் பொது உரிமையோடு சேர்ந்து மறைந்துவிடும் என்று கொள்ள முடியாது. ஆனாலும் மனுவுக்கான கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் இந்த ஒன்றைச் சோதித்துவிட வேண்டும். இல்லாத சந்தை நீக்கச் சொல்லிப் பணம் கொடுப்பது வீண்.

இனி, சந்து இன்னும் சட்டப்படி உயிரோடு இருக்கிறது என்று கொண்டு நடைமுறையைப் பார்ப்போம். இதற்கான மாநிலச் சட்டம், திருத்திய வாஷிங்டன் சட்டத் தொகுப்பின் 35.79-ஆம் அத்தியாயம். பிரிவுகள் சிலவே, நகரத்தின் சொந்த விதிகளோடு சேர்த்து அதை ஒருமுறை நீங்களே வாசித்துவிடலாம்.

மனுவில் நீக்க வேண்டிய பகுதியின் விவரிப்பு இருக்க வேண்டும். “எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்து” என்று எழுதினால் போதாது. பிளாக் எண், மனை எண்கள், தொடக்கமும் முடிவும் எல்லாம் பிழையின்றி இருக்க வேண்டும். சர்வேயர் எழுதிக் கொடுத்த விவரிப்பையே இணையுங்கள், ஏனெனில் கடைசியில் நகர மன்றம் இயற்றும் சட்டத்தில் அந்த வரிகளே இடம்பெறும். அதில் ஒரு திசை தவறினால் பின்னால் வீட்டை விற்கும்போது அது தலைவலியாகும்.

மனு நகர கிளார்க்கிடம் தாக்கல் செய்யப்படும். நீக்கக் கேட்கும் பகுதியை ஒட்டிய சொத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டதன் உரிமையாளர்கள் கையெழுத்திட்டிருந்தால், விசாரணைக்கு நாள் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றுவது நகர மன்றத்தின் கடமையாகிவிடும். இங்கே வீடுகளின் எண்ணிக்கை கணக்கில் வருவதில்லை. பெரும்பாலும் சந்தை ஒட்டிய நீளமே அளவாகக் கொள்ளப்படுகிறது. உங்கள் எட்டு மனைகளும் சம அளவில் இருப்பதால் கணக்கு எளிது: மொத்தம் 480 அடி, அதில் மூன்றில் இரண்டு பங்கு 320 அடி, தேவைப்படுவது அதற்கு மேல். ஐந்து மனைகள் 300 அடிதான் தருகின்றன. ஆறு மனைகள் சேர்ந்தால் 360 அடி. ஆகவே வெளியூரில் இருக்கும் இரண்டு உரிமையாளர்களில் ஒருவரேனும் சம்மதித்தாக வேண்டும். கவுண்ட்டியின் சொத்துவரிப் பதிவில் அவர்களுடைய அஞ்சல் முகவரி கிடைக்கும். குடியிருக்கும் வாடகைக்காரரின் கையெழுத்து எண்ணப்படாது. சொத்து கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும்; தம்பதியர் பொதுச்சொத்து முறை நடைமுறையில் உள்ள மாநிலம் இது என்பதால், பத்திரத்தில் ஒருவர் பெயரே இருந்தாலும் இருவரிடமும் வாங்கிவிடுவது பாதுகாப்பு. நிறுவனத்தின் பெயரில் உள்ள மனை என்றால், கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் இருப்பதற்கான சான்றை இணைக்க வேண்டும். கையெழுத்தில் உள்ள குறைகளால் முன்னேறாமல் நிற்கும் மனுக்கள் எத்தனையோ உண்டு.

ஆறாவது கையெழுத்து கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. நகர மன்றமே தன் தீர்மானத்தின் மூலம் நடவடிக்கையைத் தொடங்கலாம். அப்போது சந்தை ஒட்டிய எல்லா உரிமையாளர்களுக்கும் விசாரணை நாளுக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்களில் 50 சதவீதத்தினர் விசாரணைக்கு முன் எழுத்து மூலம் ஆட்சேபித்தால் நகரம் மேற்கொண்டு போகவே முடியாது. உங்கள் தெருவில் அவ்வளவு எதிர்ப்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஐந்து வீட்டாரின் தனிப்பட்ட வசதிக்காக நகர மன்றம் தானே முன்வந்து தீர்மானம் போடும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

விசாரணை நாள், தீர்மானம் நிறைவேறிய தேதியிலிருந்து 20 நாட்களுக்குக் குறையாமலும் 60 நாட்களுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். நகரில் மக்கள் அதிகம் வந்துபோகும் மூன்று பொது இடங்களிலும், நீக்கவிருக்கும் சந்தில் கண்ணில் படும் இடத்திலும் 20 நாள் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். இந்த அறுபது நாளைப் பார்த்து இரண்டு மாதத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன் பொதுப்பணி, தீயணைப்பு, திட்டமிடல் துறைகளும் மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு நிறுவனங்களும் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். நேரம் பிடிப்பது அங்கேதான். விசாரணைக்குப் பின் சட்டம், மதிப்பீடு, பணம் கட்டுதல், பதிவு என்று இன்னும் படிகள் இருக்கின்றன.

எல்லாக் கையெழுத்தும் சரியாக இருந்து எல்லா அறிவிப்பும் முறையாகத் தரப்பட்டாலும் நகர மன்றம் மறுக்கலாம். பலர் மனத்தில் வாங்கிக்கொள்ளாத உண்மை இது. மூன்றில் இரண்டு பங்குக் கையெழுத்து உங்களுக்கு வாங்கித் தருவது விசாரணை நடக்கும் என்ற உறுதியை மட்டுமே. பொதுமக்களின் சொத்துரிமை ஒன்றைக் கைவிடுவதா வேண்டாமா என்பது நகர மன்றத்தின் சட்டமியற்றும் முடிவு. மோசடி, கூட்டுச்சதி, தனியொருவரின் உரிமைக்குக் கேடு போன்றவை இல்லாதவரை நீதிமன்றம் அதில் தலையிடத் தயங்கும். சந்தை ஒட்டியிராத, வழி அடைபடாத ஒருவர் அந்த முடிவை எதிர்த்து வழக்குத் தொடுக்கவும் பொதுவாக இடமில்லை. கேப்பிட்டல் ஹில் மெத்தடிஸ்ட் தேவாலயம் சியாட்டில் நகரத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1958-இல் இந்த வழியைத்தான் காட்டியது.

சியாட்டிலின் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கிறிஸ் ஹேன்சன் என்ற முதலீட்டாளர் நகரின் தென்பகுதியில் கூடைப்பந்து அரங்கம் ஒன்றைக் கட்ட விரும்பினார். அதற்கு ஆக்சிடென்டல் அவென்யூ சவுத் என்ற தெருவின் ஒரு பகுதியை நகரம் கைவிட வேண்டியிருந்தது. பெரும் பணமும், கூடைப்பந்து அணி நகருக்குத் திரும்ப வேண்டும் என்ற ரசிகர்களின் ஏக்கமும் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் நின்றன. துறைமுகத் தரப்பும் சரக்குப் போக்குவரத்துத் தொழிலாளர்களும் எதிர்த்தார்கள். 2016 மே 2-ஆம் தேதி நகர மன்றம் 5-க்கு 4 என்ற வாக்கில் மறுத்துவிட்டது. அந்த அளவு பெரிய திட்டத்துக்கே ஒரு தெருத்துண்டு கிடைக்கவில்லை என்பதால் நீங்கள் மனந்தளர வேண்டாம். சிறு நகரங்களில் திறக்கப்படாத சந்துகள் நீக்கப்படுவது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் உறுப்பினர்கள் கேட்கும் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே: இதைக் கைவிடுவதால் பொதுமக்கள் எதை இழக்கிறார்கள், எதைப் பெறுகிறார்கள்?

சியாட்டில் நகரம் 2018-இல் புதுப்பித்த தன் கொள்கையில், தெருவின் பொதுப் பயன்களாகப் போக்குவரத்து, மனைகளுக்கான வழி, குடிநீர் மற்றும் மின்சார இணைப்புகள், திறந்த வெளி, காற்றும் வெளிச்சமும், காட்சி ஆகியவற்றோடு, மக்கள் கூடுவதையும் கருத்துச் சொல்வதையும் சேர்த்துப் பட்டியலிட்டிருக்கிறது. இந்தக் கடைசி இரண்டையும் பட்டியலில் சேர்த்தவர்களை நான் மதிக்கிறேன். தெரு வண்டி ஓடும் பாதை மட்டுமன்று. ஊர்வலம் போகும் இடமும் அதுதான், கோரிக்கைப் பலகையை ஏந்தி யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒருவர் நிற்கக்கூடிய இடமும் அதுதான். உங்கள் நகரத்துக்கு இதே கொள்கை பொருந்தாது என்றாலும் மனு எழுதும்போது இந்த நோக்கில் சிந்தியுங்கள். முள்புதரில் குப்பை கொட்டப்படுவது, தீ பரவும் அபாயம், பராமரிக்க ஆளில்லாமை, தொடர்ச்சியான நடைபாதையாக இச்சந்து எந்தத் திட்டத்திலும் இல்லாமை ஆகியவற்றைப் புகைப்படங்களோடு எழுதுங்கள். உங்கள் தோட்டம் பெரிதாகும் என்பது உறுப்பினர்களுக்குக் காரணமாகாது.

செலவைக் கேட்டிருந்தீர்கள். விண்ணப்பக் கட்டணம் நகரத்துக்கு நகரம் மாறும்; சர்வேயர், மதிப்பீட்டாளர் செலவும் பொதுவாக மனுதாரர்களைச் சேர்ந்தது. அதற்கு மேல் நிலத்துக்கான ஈட்டுத்தொகை ஒன்று உண்டு. மதிப்பிடப்பட்ட விலையில் பாதி வரை நகரம் கேட்கலாம் என்பது சட்டத்தின் பொதுவிதி. ஆனால் அந்த வழி 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ பொதுவழியாக ஒதுக்கப்பட்டிருந்தாலும், பொதுப் பணத்தில் வாங்கப்பட்டிருந்தாலும், முழு மதிப்பு வரை கேட்கலாம். உங்கள் சந்து 1891-இலேயே ஒதுக்கப்பட்டது. ஆகவே பாதி விலை என்ற எதிர்பார்ப்போடு பணத்தைத் திட்டமிடாதீர்கள். உங்கள் பங்கு 8 அடிக்கு 60 அடி, அதாவது 480 சதுர அடி. ஒரு பேச்சுக்குச் சதுர அடிக்கு 60 டாலர் என்று மதிப்பிட்டால் 28,800 டாலர். குழாய்க்கான உரிமை நிலத்தின் மேல் தொடர்வதால் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று மதிப்பீட்டாளரிடம் வாதிடலாம்; அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பணம் கட்டும் வரை சட்டம் நடைமுறைக்கு வராது என்று நகரம் நிபந்தனை போடலாம் என்பதால், ஐந்து வீட்டாரில் ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் அவருடைய பங்கை யார் கட்டுவது என்பதை இப்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். நகரம் பெறும் தொகையில் பாதியைப் பொதுத் திறந்தவெளிகளுக்கோ போக்குவரத்துக் கட்டுமானத்துக்கோதான் செலவிட வேண்டும் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு பொதுவெளி போனால் அதற்கு ஈடாக இன்னொன்று வரட்டும் என்று அந்த விதியை எழுதியவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

இப்போது முன்பு குறிப்பிட்ட விஷயத்துக்கு வருகிறேன். சந்தைக் கைவிடும்போது குடிநீர், கழிவுநீர், மின்சாரம் போன்ற சேவைகளுக்கான ஈஸ்மெண்ட் உரிமையை (பிறர் நிலத்தில் குழாய், கம்பி போட்டுப் பராமரிக்கும் உரிமை) தன்னிடமே வைத்துக்கொள்ள நகரத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. சந்தில் குழாயோ கம்பியோ இருந்தால் அப்படியே செய்யும். இல்லாவிட்டாலும் வருங்காலத்துக்கென்று வைத்துக்கொள்வதுண்டு. அந்த உரிமை இருக்கும் பட்டையில் செடி வைக்கலாம், பிரித்தெடுக்கக்கூடிய வேலி போடலாம். வீட்டுக்கு அடித்தளம் போட விடமாட்டார்கள். அதாவது, முப்பதாயிரம் டாலருக்கு அருகில் கொடுத்து நீங்கள் வாங்கும் எட்டு அடியில் உங்கள் பெற்றோரின் வீட்டுச் சுவர் ஒரு சாண்கூட ஏற முடியாமல் போகலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 2023-இல் வாஷிங்டன் சட்டமன்றம் நிறைவேற்றிய 1337-ஆம் எண் மசோதா, நகர வளர்ச்சி எல்லைக்குள் குடியிருப்பு மனை ஒன்றில் குறைந்தது இரண்டு துணைவீடுகளை (முதன்மை வீட்டுக்குத் துணையான சிறு வீடுகள்) அனுமதிக்க வேண்டும் என்றும், அவற்றின் பரப்புக்கு 1,000 சதுர அடிக்குக் குறைந்த உச்சவரம்பு வைக்கக் கூடாது என்றும் நகரங்களுக்குக் கட்டளையிட்டது. ஸ்னோஹோமிஷ் கவுண்ட்டியின் நகரங்கள் 2025 நடுப்பகுதிக்குள் இதற்கு இணங்க வேண்டியிருந்தது. அதே சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: மனையின் எல்லைக்கோடு பொதுச் சந்தை ஒட்டியிருந்தால், தனித்து நிற்கும் துணைவீட்டை அந்த எல்லைக்கோட்டின் மீதே கட்ட நகரம் அனுமதிக்க வேண்டும், நகரம் வழக்கமாகப் பனி அகற்றும் சந்துகள் மட்டுமே இதற்கு விலக்கு. இதை உங்கள் மனையில் வைத்துப் பாருங்கள். சந்து பொதுச் சந்தாக இருக்கும்வரை, இன்றைய பின் எல்லையிலேயே சுவரை எழுப்பலாம். சந்தை நீக்கிவிட்டால் உங்கள் புதிய பின் எல்லை எட்டு அடி தள்ளிப் போகும். ஆனால் அது பக்கத்து மனையை ஒட்டிய எல்லை. அங்கே எல்லையிலிருந்து இடைவெளி விட்டே கட்ட வேண்டும் என்ற, நகரத்தின் வழக்கமான செட்பேக் விதி வந்துவிடும். போதாததற்கு ஈஸ்மெண்டும் இருக்கும். கொடுத்த பணத்துக்குக் கட்டும் இடம் கூடாமலே போகலாம்.

திறக்கப்படாமல் புதர் மண்டிய சந்தை உங்கள் நகரம் இந்த விதிக்குரிய பொதுச் சந்தாக ஏற்கிறதா என்பதைத் திட்டமிடல் துறையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்வழிப் பதிலை நம்பி வரைபடம் வரையச் சொல்லாதீர்கள். ஏற்றால், வேலியை உங்கள் உண்மையான எல்லைக்கு நகர்த்திவிட்டு, நகரத்தின் அனுமதியோடு புதரைச் சுத்தம் செய்து, சந்தை நோக்கிய வாசலோடு வீட்டைக் கட்டுவதே என் யோசனை. வயதானவர்கள் முன்வீட்டைச் சுற்றாமல் நேராக வந்து இறங்குவதற்கும், அவசரத்தில் ஆம்புலன்ஸ் நெருங்குவதற்கும் திறந்த சந்து உதவும். தோட்டத்துக்கு மட்டும் அந்த எட்டு அடி வேண்டுமென்றால், பல நகரங்கள் பொதுவழியைத் தற்காலிகமாகப் பயன்படுத்த அனுமதிச்சீட்டு வழங்குகின்றன; நகரம் எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம், ஆனால் செலவு மிகக் குறைவு. மேலே சொன்ன 1889-90 ஆண்டுச் சட்டப்படி சந்து மறைந்துவிட்டது என்று நீங்களே நிரூபித்தால் இந்தச் சலுகையும் கைவிட்டுப் போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கிழக்கு முனைப் பெண்மணியைப் பற்றி. அவருடைய எதிர்ப்பை மீறி மூன்றில் இரண்டு பங்கைச் சேர்த்துவிட முடியும் என்பது உண்மை. ஆனால் விசாரணையில் அவர் எழுந்து “என் காரை எப்படி எடுப்பேன்?” என்று கேட்டால், உறுப்பினர்கள் பலரும் அவர் பக்கமே நிற்பார்கள், அதுதான் சரியும்கூட. சந்தை ஒட்டிய சொத்துக்குப் போய்வரும் வழியைத் தகுந்த மாற்று இல்லாமல் பறித்தால் அது தனிப்பட்ட உரிமைக்குக் கேடு; நகரத்தின் மீது வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதி வந்துவிடும். பொதுவழி உரிமை நீங்கினாலும், அதே வரைபடத்தைக் காட்டி மனை வாங்கியவர்களுக்குச் சந்தின் மேல் தனிப்பட்ட வழியுரிமை தொடரக்கூடும் என்பதால், மன்றத்தில் நீங்கள் வென்ற பிறகும் அவருடைய கார் சட்டப்படியே உங்கள் வேலிக்கு முன் வந்து நிற்கலாம். நீங்கள் மனுவைத்தான் தொடர்வது என்று முடிவு செய்தால், கிழக்கு முனையில் அவருக்கு வேண்டிய பகுதியை விட்டுவிட்டு மேற்குப் பகுதியை மட்டும் கேளுங்கள். அப்போது கணக்கின் மொத்த நீளமும் குறையும். கிழக்கில் இருபுறத்து மனைகளையும் விட்டுவிட்டால் மீதி 360 அடி. அதில் 240 அடிக்கு மேல் வேண்டும். சம்மதித்த ஐந்து மனைகளும் அந்த மீதியில் இருந்தால் 300 அடி கையில் இருக்கிறது, ஆறாவது கையெழுத்தே தேவைப்படாது. ஒரு முனை அடைபடுவதை ஏற்க முடியுமா என்று தீயணைப்புத் துறையிடமும் குப்பை வண்டி நடத்துவோரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். அதற்கும் முன்னால் அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போய், அவருக்கு எத்தனை அடி தேவை என்று அளந்து பாருங்கள்.

ஏரி முனைக்கு வருவோம். அதைக் கேட்கவே வேண்டாம் என்பேன். நீர்நிலையைத் தொடும் தெருவை நீக்குவதற்கு 35.79.035-ஆம் பிரிவு கடுமையான தடைகளை விதிக்கிறது. துறைமுகம், கரைக்குச் செல்லும் வழி, படகு இறக்கும் இடம், பூங்கா, கல்வி போன்ற பொதுப் பயன்பாட்டுக்காக நகரமே அந்த இடத்தைப் பெற வேண்டும். அல்லது அந்தத் தெரு தற்போது பயன்பாட்டில் இல்லை, மேற்சொன்ன எதற்கும் உகந்ததுமில்லை என்று ஆய்வுக்கும் விசாரணைக்கும் பின் நகரம் தீர்மானிக்க வேண்டும். அல்லது அதே கரைப்பகுதியில் சமமான அல்லது மேலான பொதுவழியைத் தரும் திட்டம் ஒன்றை நகரம் ஏற்றிருக்க வேண்டும். இரண்டாவது வகையில் போவதென்றால், அதே நீர்நிலையைத் தொடும் எல்லாப் பொதுவழிகளையும் முதலில் பட்டியலிட்டாக வேண்டும். தனியாருக்குப் போவதென்றால் முழு மார்க்கெட் மதிப்பும் கட்ட வேண்டும், அந்தப் பணமும் வேறு இடத்தில் கரைவழி வாங்கவே செலவாகும். சியாட்டிலில் இப்படி நீரில் முடியும் தெருமுனைகள் சுமார் 150 இருக்கின்றன. பல இடங்களில் அண்டை வீட்டார் வேலியும் செடியும் வைத்து அடைத்திருந்ததைப் பார்த்த நகரம், 1996 முதல் அவற்றைப் பொதுமக்களுக்கு மீட்டுத் தரும் வேலையில் இறங்கியது. கரையோர வீடு வாங்க வசதியில்லாத ஒரு குடும்பம் மாலையில் தண்ணீரைப் பார்த்து உட்கார எஞ்சியிருப்பது இத்தகைய துண்டுகள்தான். உங்கள் பெற்றோரும் ஒரு நாள் அங்கே போய் உட்காருவார்கள். அதை யாரும் அடைத்துவிடாமல் இருக்க அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு பெஞ்சு போட நகரத்திடம் அனுமதி கேட்பதானால், அந்த மனுவை எழுதித் தர மகிழ்ச்சியோடு முன்வருவேன்.

சந்து நீக்கப்பட்டுவிட்டால் செய்ய வேண்டியவை சில. நகர மன்றச் சட்டத்தின் சான்றளிக்கப்பட்ட நகலை நகர கிளார்க், நில ஆவணங்களைப் பதிவு செய்யும் உங்கள் கவுண்ட்டியின் ஆடிட்டர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் பத்திரத்தோடு வையுங்கள். சொத்துவரிப் பதிவில் பரப்பளவு திருத்தப்படும், வரியும் அதற்கேற்பக் கூடும். வீட்டுக்கடன் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் டைட்டில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதி, சேர்ந்த பகுதியும் அவர்களுடைய ஆவணத்தில் அடங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கே எழுதியது பொதுவான விளக்கம். உங்கள் ஆவணங்களைப் பார்த்து உள்ளூர் நில வழக்கறிஞர் ஒருவர் சொல்வதே இறுதி. அவரைப் பார்க்கப் போகும்போது மூன்று தாள்களைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்: 1891 வரைபடத்தின் முழு நகல், உங்கள் மனைப்பிரிவு நகர எல்லைக்குள் சேர்ந்த ஆண்டைக் காட்டும் ஆவணம், எல்லைக்கோட்டில் துணைவீடு கட்டுவது பற்றித் திட்டமிடல் துறை தந்த எழுத்துப்பூர்வமான பதில். அந்த மூன்றாவது தாள் உங்களுக்குச் சாதகமாக வந்தால், மனுவை மடித்து வைத்துவிட்டு நேரே வீட்டு வரைபடம் வரைபவரைப் பாருங்கள்.